ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அசையாத ‘சூடோமோனாஸ்’: செட்டிநாட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஐம்பத்து நான்கு வயது விவசாயி. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் போடுவார். வயலில் வேலை இல்லாத மாதங்களில் ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறைக்கு மணல் சலிக்கப் போவார். சர்க்கரை இருப்பது தெரிந்து எட்டு வருஷம் ஆகிறது. மாத்திரை இருந்தால் போடுவார், தீர்ந்துபோனால் அடுத்த முறை டவுனுக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த பிறகு காய்ச்சல் தொடங்கியது. முதலில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய அசித்ரோமைசின். பிறகு ஒரு கிளினிக்கில் செஃபிக்சிம். அதற்கும் அடங்காமல் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்து, செஃப்ட்ரையாக்சோனும் அமிக்காசினும் ஊசியாகப் போயின. இரண்டு நாள் காய்ச்சல் தணிந்தது. வீட்டுக்குப் போனதும் குளிர் நடுக்கத்தோடு திரும்பி வந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது மேல் பகுதியில் நிழல். இருமல், எடைக்குறைவு, கட்டுப்பாடில்லாத சர்க்கரை. சளியில் சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) நெகட்டிவ் என்று வந்தாலும், அறிகுறிகளை வைத்து காசநோய் மாத்திரை தொடங்கப்பட்டது. நம் பக்கத்தில் இப்படி ஒரு எக்ஸ்ரேயோடு ஒரு சர்க்கரை நோயாளி வந்தால் முதலில் டிபிதான் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கு நடுவில் ஒரு ரத்தக் கல்ச்சரும் (ரத்தத்தில் கிருமி இருந்தால் வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்யப்பட்டிருந்தது. ஜவுளிக்கடை மஞ்சப்பையில் எக்ஸ்ரேக்களோடு மடிந்து கிடந்த அந்த ரிப்போர்ட்டை அவருடைய மனைவிதான் எடுத்து நீட்டினார். ‘சூடோமோனாஸ் ஸ்பீசிஸ்’ என்று இருந்தது. ஒரே பாட்டிலில் மட்டும் வளர்ந்ததால் தோலிலிருந்தோ கையிலிருந்தோ ஒட்டிய கலப்படமாக இருக்கும் என்று ஓரங்கட்டியிருக்கிறார்கள். கீழே வழக்கமான சென்சிடிவிட்டி பட்டியல்: பாதிக்கு ‘எஸ்’ (மருந்து கேட்கும்), பாதிக்கு ‘ஆர்’ (கேட்காது).

இந்த நிகழ்வை எழுதத் தூண்டியதே அந்தப் பட்டியல்தான். சென்சிடிவிட்டி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் ‘எஸ்’ போட்ட வரிகளுக்குத்தான் போகும். எந்த மருந்து கேட்கும் என்பதுதானே அவசரக் கேள்வி. ‘ஆர்’ போட்ட வரிகள் கழித்துக் கட்டப்பட்ட மருந்துகளின் கணக்காக மட்டும் நின்றுவிடும். இந்த நோயாளியின் கிருமி யார் என்பது அந்தக் கழித்துக் கட்டிய வரிகளில் எழுதியிருந்தது.

எங்களிடம் வந்தபோது

கார்த்திகை கடைசியில் அவர் வந்தபோது காய்ச்சல் 102.8, நாடி 124, ரத்த அழுத்தம் 90/60. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 11.8. வெள்ளணு 18,400. கிரியாட்டினின் 1.6. வயிற்று ஸ்கேனில் மண்ணீரல் முழுக்கச் சிறு சிறு சீழ்க்கட்டிகள். கல்லீரலில் நான்கு சென்டிமீட்டர் அளவில் ஒரே கட்டி, உள்ளே பல அறைகளாகப் பிரிந்து கிடந்தது. தேன்கூட்டுத் தோற்றம் என்று ஸ்கேன் டாக்டர்கள் சொல்வது இதைத்தான். மண்ணீரலில் பல கட்டிகள், நுரையீரலில் நிழல், சர்க்கரை நோய், மழைக்காலம் ஆகிய நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் மெலியாய்டோசிஸ் என்ற பெயர் மனதில் வர வேண்டும்: மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமி தரும் தொற்று. அந்தச் சமயத்தில் வார்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. டிபிதான் பரவியிருக்கிறது என்பதே பொதுவான எண்ணம்.

இரண்டு கைகளிலிருந்தும் ரத்தக் கல்ச்சர், கல்லீரல் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சீழ், சளி, சிறுநீர், தொண்டைத் துடைப்பு எல்லாம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன. எந்த இடத்திலிருந்து கிடைக்கும் என்று தெரியாதபோது எல்லா இடத்திலிருந்தும் எடுப்பது நல்லது. இந்த நோயில் கல்ச்சரின் கண்டுபிடிக்கும் திறனே அறுபது சதவீதம் அளவில்தான் என்று தாய்லாந்து ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே நான்கைந்து ஆன்டிபயாடிக் உள்ளே போன உடம்பில் அது இன்னும் குறையத்தான் செய்யும்.

பிளேட்டில் தெரிந்தது

இரண்டாம் நாள் ரத்தப் பாட்டில் சிக்னல் கொடுத்தது. கிராம் சாயத்தில் சிவப்பு நிறக் குச்சிகள். இரண்டு முனையும் அழுத்தமாகச் சாயம் ஏறி, நடுப்பகுதி வெளிறி நின்றன. பாடப்புத்தகங்கள் சேஃப்டி பின் தோற்றம் என்று சொல்வது. ஆனால் அதை வைத்து மட்டும் யாரும் முடிவுக்கு வரக்கூடாது. எத்தனையோ கிராம் நெகட்டிவ் குச்சிகள் அரைகுறைச் சாயத்தில் அப்படிக் காட்டும்.

மறுநாள் பிளட் அகார் என்ற வளர்ப்புத் தட்டில் சின்னச் சின்னதாக, வழவழப்பான வெளிர் காலனிகள். மக்கான்கி பிளேட்டில் லாக்டோஸைப் புளிக்கவைக்காத நிறமற்ற காலனிகள். ஆக்சிடேஸ் காகிதத்தில் தேய்த்ததும் ஊதா, அதாவது பாசிட்டிவ். இதுவரை பார்த்தால் எந்த ஆய்வகமும் ‘சூடோமோனாஸ்’ என்றுதான் எழுதும். தானியங்கி அடையாள இயந்திரம் ‘பர்க்ஹோல்டேரியா செபாசியா’ என்று ஒரு பெயரைத் துப்பியது. இந்த நோயாளியிடம் இருந்த கிருமியை இயந்திரங்கள் செபாசியாவோடு குழப்பிக்கொள்வது உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணன் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். ரத்தத்திலிருந்து வந்த எந்த பிளேட்டையும் 48 மணி நேரத்தில் ஆட்டோகிளேவுக்கு அனுப்ப மாட்டார். நான்கு நாள் இன்குபேட்டரில் வைத்திருப்பார். அன்று காலை அவர் மேசையிலிருந்து எழுந்து வந்து சொன்னது:

“மேடம், இந்த சூடோமோனாஸ் ஒரு மாதிரியா இருக்கு. ஜென்டாவுக்கு வட்டமே விழல. கோலிஸ்டினுக்கும் இல்ல. ஆனா ஆக்மென்டினுக்கு நல்லா வட்டம் விழுந்திருக்கு.”

“டிஸ்க் மாறி வெச்சிருக்குமோ அண்ணே?”

“நானும் அப்படித்தான் நெனச்சு ராத்திரியே திரும்பப் போட்டேன். அதே கதைதான்.”

மருந்து தோய்த்த டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழுந்தால் அந்த மருந்து கேட்கிறது என்று அர்த்தம். அந்த பிளேட்டை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஜென்டாமைசின் டிஸ்க்கின் ஓரம்வரை புல்வெளி மாதிரி வளர்ச்சி முட்டி நின்றது. கோலிஸ்டின் டிஸ்க்கைச் சுற்றியும் அதே. ஆக்மென்டின் டிஸ்க்கைச் சுற்றி மட்டும் சுத்தமான, அகலமான வெற்று வட்டம். பக்கத்தில் பழைய பிளட் அகார் பிளேட்டில், முதல் நாள் வழவழப்பாக இருந்த காலனிகள் காய்ந்து சுருக்கம் விழத் தொடங்கியிருந்தன. மேலே உலோகப் பளபளப்பு. மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

கணக்கு இதுதான். ‘சூடோமோனாஸ் ஏருஜினோசா’ என்ற நம் வழக்கமான ஆளுக்கு அமாக்சிசிலின்-கிளாவுலானேட்டும் (ஆக்மென்டின்) கோ-ட்ரைமாக்சசோலும் இயல்பிலேயே கேட்காது. கோலிஸ்டினுக்குப் பெரும்பாலும் கேட்கும். இங்கே எல்லாம் தலைகீழ். ஆக, அது ஏருஜினோசா இல்லை. இயந்திரம் சொன்ன செபாசியா? அதுவும் ஜென்டாமைசினையும் கோலிஸ்டினையும் எதிர்க்கும்தான். ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலானேட்டுக்கு அசையாது. ‘ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ்’ என்றால் மெரோபெனம் கேட்காது; ஆக்சிடேஸும் பெரும்பாலும் நெகட்டிவ். ஆக்சிடேஸ் பாசிட்டிவான ஒரு கிராம் நெகட்டிவ் குச்சி, ஜென்டாமைசினையும் கோலிஸ்டினையும் எதிர்த்து, ஆக்மென்டினுக்குப் பணிந்தால், வேறு பெயர் நிரூபணமாகும்வரை அது ‘பர்க்ஹோல்டேரியா சூடோமேலியை’. நோய், முன்னே சொன்ன மெலியாய்டோசிஸ்.

இங்கே ஒரு இடைக்குறிப்பு, ஆய்வகத்தில் இருப்பவர்களுக்காக. கோலிஸ்டின் டிஸ்க்கை அகாரில் வைத்து மருந்து கேட்குமா என்று முடிவு செய்வதை இப்போது எந்த வழிகாட்டியும் ஏற்பதில்லை. அகாரில் அந்த மருந்து சரியாகப் பரவாது, அதற்கு பிராத் டைல்யூஷன் (குழம்பில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்ப்பது) போன்ற முறைகள்தான் வேண்டும். எனவே பல ஆய்வகங்கள் கோலிஸ்டின் டிஸ்க் வாங்குவதையே நிறுத்திவிட்டன. அடையாளம் காணும் வேலைக்கு அந்த டிஸ்க் இன்றும் உபயோகம். சிகிச்சை முடிவுக்காக இல்லை, கிருமியின் குணம் பார்ப்பதற்காக ஒரு குப்பி வைத்திருக்கலாம்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது

‘கோலிஸ்டின் ஆர்’ என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் இன்றைக்கு ஐசியூவில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளும் கேட்காத கிளெப்சியெல்லா கிருமிக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் மருந்து அது. கோழிக்கும் மீனுக்கும் தீவனத்தில் கலந்து அதை வீணடிக்கக்கூடாது என்றுதான் இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது. அப்படிப்பட்ட மருந்தை எதிர்க்கும் கிருமி கண்மாய்ச் சேற்றில் கால் வைத்த ஒரு விவசாயியின் ரத்தத்தில் என்றால், மருந்து எதிர்ப்பு கிராமம்வரை இறங்கிவிட்டது என்று எண்ணத் தோன்றும். இந்த இடத்தில் அந்த எண்ணம் தப்பான வழியில் கொண்டுபோய் விடும்.

கோலிஸ்டின் வேலை செய்வது, கிராம் நெகட்டிவ் கிருமியின் வெளிச்சவ்வில் இருக்கும் எதிர் மின்னூட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டுதான். சூடோமேலியையின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடில் அராபினோஸ் வகைச் சர்க்கரை ஒன்று பிறவியிலேயே ஒட்டியிருக்கிறது. மின்னூட்டம் அதனால் மறைந்துபோகிறது. மருந்துக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஜென்டாமைசின், அமிக்காசின் வகையும் அசித்ரோமைசின் வகையும் உள்ளே நுழைந்ததும், சவ்வில் இருக்கும் ஒரு பம்ப் அவற்றை இறைத்து வெளியே கொட்டிவிடுகிறது. ஆம்பிசிலினையும் ஆரம்பத் தலைமுறை செஃபலோஸ்போரின்களையும் பென்-ஏ என்ற பீட்டா-லாக்டமேஸ் நொதி உடைக்கிறது. கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியை அடக்கிவிடும். அமாக்சிசிலின் தனியாக வந்தால் தோற்று, கிளாவுலானேட்டோடு சேர்ந்து வந்தால் ஜெயிப்பது இதனால்தான். ஆக்மென்டின் டிஸ்க்கைச் சுற்றி விழுந்த அந்த வட்டத்துக்கு இதுதான் அர்த்தம்.

இதில் எதுவும் நாம் மருந்தை அள்ளி இறைத்ததால் வந்ததில்லை. ஜென்டாமைசின், ‘மைக்ரோமோனோஸ்போரா’ என்ற மண் கிருமி சுரப்பது. கோலிஸ்டின், ‘பேனிபேசில்லஸ் பாலிமிக்சா’ என்ற மற்றொரு மண் கிருமி சுரப்பது. சூடோமேலியையும் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. அக்கம்பக்கத்தார் சுரக்கும் விஷத்தோடு காலங்காலமாகக் குடித்தனம் நடத்திய கிருமிக்கு அந்த விஷங்கள் ஏறாமல் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? வெறும் காய்ச்சி வடித்த நீரில் பதினாறு வருஷம் உயிரோடு கிடந்ததைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிடிவாதக்காரக் கிருமி, பல காலமாக எந்த மெடிக்கல் ஷாப்பிலும் மலிவாகக் கிடைக்கும் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரைக்குப் பணிகிறது. கோலிஸ்டினுக்கு ‘ஆர்’ என்றால் மருந்தே இல்லை என்று அர்த்தமில்லை.

இந்தப் பிறவி எதிர்ப்பையே தூண்டிலாகப் பயன்படுத்தும் வழி ஒன்றும் பழையதுதான். ஆஷ்டவுன் அகார் என்ற பிளேட்டில் ஜென்டாமைசினையும் கிரிஸ்டல் வயலட்டையும் வேண்டுமென்றே கலக்கிறார்கள். சளியில் இருக்கும் மற்ற கிருமிகளில் பெரும்பாலானவை அதில் செத்துப்போக, சூடோமேலியை வளர்ந்து ஊதா நிறத்தில் சுருக்கம் விழுந்து நிற்கும். தயாராகக் கிடைக்காவிட்டாலும் சோயா அகார், கிளிசரால், இரண்டு சாயங்கள், ஒரு ஜென்டாமைசின் ஊசி மருந்து இருந்தால் ஆய்வகத்திலேயே ஊற்றிவிடலாம். எங்கள் நோயாளியின் சளி சாதாரண பிளேட்டில் வாயில் வழக்கமாக இருக்கும் கிருமிகளைத்தான் காட்டியது. ஆஷ்டவுனில் அதே சளியிலிருந்து நான்காம் நாள் ஊதாச் சுருக்கங்கள் வந்தன. நுரையீரல் நிழல் டிபியா இதுவா என்ற வாதம் அங்கே முடிந்தது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். மலேசியாவின் சரவாக் பகுதியில் கிடைத்த சூடோமேலியையில் பெரும்பாலானவை ஜென்டாமைசினுக்குப் பணிந்துவிட்டன. அந்த பம்ப் அங்கே பழுது. அங்கே இந்தச் சல்லடையை நம்பினால் கோட்டை விட வேண்டியதுதான்.

மூடியை ஏன் திறக்கவில்லை

சூடோமேலியை பிளேட்டிலிருந்து மண்வாசனை வரும் என்று பழைய நூல்களில் இருக்கும். அதை மோந்து பார்த்து உறுதிசெய்ய நினைப்பது முட்டாள்தனம்; மூச்சு வழியாகவும் நோய் தொற்றும். சந்தேகம் வந்த நிமிஷத்திலிருந்து எல்லா பிளேட்டுகளும் பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் போயின, டேப் ஒட்டப்பட்டன. திறந்த மேசையில் அந்தக் காலனிகளைக் கையாண்டவர்கள் யார், கிருமி வளர்த்த குழம்பு தெறித்ததா, கையில் வெட்டுக்காயம் இருந்ததா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டோம். சர்க்கரை உள்ள ஒரு ஊழியருக்கு மட்டும் 21 நாள் கோ-ட்ரைமாக்சசோல் கொடுத்தோம். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. உறுதி செய்வதற்காகக் கிருமியை மூன்றடுக்குப் பொதியில் மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அங்கே சூடோமேலியையை அடையாளம் காட்டும் மூன்றாம் வகைச் சுரப்பு மண்டல மரபணுவுக்கான சோதனை (பிசிஆர்) பாசிட்டிவ். சிகிச்சை அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை.

ரங்கூன்

செட்டிநாட்டில் உட்கார்ந்து மெலியாய்டோசிஸ் பற்றி எழுதும்போது ரங்கூனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் நோய்க்கூறியல் மருத்துவராக இருந்த ஆல்ஃபிரெட் விட்மோரும், உதவி அறுவை மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் சேர்ந்துதான் இந்த நோயை முதன்முதலில் அடையாளம் கண்டார்கள். 1912இல் எழுதி வெளியிட்டார்கள். மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டு தெருவில் கிடந்த ஏழைகளின் பிணப் பரிசோதனையில் நுரையீரலும் கல்லீரலும் மண்ணீரலும் சீழ்க்கட்டிகளாக இருந்தன. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் போலத் தெரிந்தாலும், கிருமி அசைந்து நீந்தியது, பெப்டோன் அகாரில் செழித்துச் சுருக்கம் விழுந்து வளர்ந்தது. இது வேறு கிருமி என்று பிரித்துச் சொன்னார்கள். அதே ரங்கூனில் அதே வருஷங்களில் முகல் தெருவில் நகரத்தார் வட்டிக்கடைகள் பெட்டியடி போட்டு உட்கார்ந்திருந்தன. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் அந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான். தேக்குக்குக் கொடுத்த கவனத்தில் நூற்றில் ஒரு பங்கை அந்த 1912 கட்டுரைக்கும் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இன்றைய நிலவரம் என்ன? உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்த நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. அதில் சுமார் 44 சதவீதம் தெற்காசியாவில். வேலூர், புதுச்சேரி, மணிப்பால் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து தொடர்ந்து கட்டுரைகள் வருகின்றன. தேடுகிற இடங்களில்தான் கிடைக்கிறது என்பதே இதற்கு நான் கொடுக்கும் விளக்கம்.

சிகிச்சையும் ஒரு சின்ன வாக்குவாதமும்

ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்ததால் முதலில் மெரோபெனம். நிலைப்பட்டதும் செஃப்டாசிடிம், சிறுநீரகக் கணக்கைப் பார்த்து அளவு. 1989இல் தாய்லாந்தில் நடந்த ஒரு ஆய்வு இந்த நோயின் போக்கையே மாற்றியது: பழைய கூட்டு மருந்துகளில் 74 சதவீதமாக இருந்த மரணம் செஃப்டாசிடிமில் 37 ஆனது. அதே குடும்பத்துச் செஃப்ட்ரையாக்சோன் பிளேட்டில் கேட்பது போலக் காட்டினாலும் ஆளைக் காப்பாற்றுவதில் பின்தங்குகிறது. நர்சிங் ஹோமில் இரண்டு நாள் காய்ச்சல் தணிந்த கதை இப்போது புரியும். கல்லீரல் கட்டிக்குக் குழாய் வைத்துச் சீழ் வடிக்கப்பட்டது. மண்ணீரலைத் தொடவில்லை; சிறு கட்டிகள் மருந்திலேயே கரையும்.

எட்டாம் நாளும் காய்ச்சல் நிற்கவில்லை. இந்த நோயில் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்க சராசரியாக ஒன்பது நாள் ஆகும். அதைத் தெரிந்து வைத்திருக்காவிட்டால் கை பரபரக்கும். டியூட்டி டாக்டர் போனில் கேட்டார், கோலிஸ்டினையும் சேர்த்துவிடலாமா என்று. நிச்சயமாக வேலை செய்யாது என்று நாம் எழுத்தில் கொடுத்திருக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று என்றேன். சிறுநீரகம் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தவருக்கு அது மிச்சத்தையும் பதம் பார்த்திருக்கும்.

அன்று மாலை வார்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மனைவி எழுந்து வந்தார்.

“டாக்டரம்மா, ஒரு வாரமா ஊசி ஏறுது, காய்ச்சல் நிக்கலையே. மதுரைக்குக் கொண்டு போயிரவா?”

“இன்னும் நாலு நாள் பொறுங்கம்மா. இந்தக் காய்ச்சல் மெதுவாத்தான் எறங்கும். சோறு எறங்குதா?”

“நேத்துலேருந்து ரெண்டு இட்லி சாப்பிடுறாக.”

பசி திரும்பியதும் பிரஷர் நிலைத்ததும் காய்ச்சல் அட்டவணையைவிட நம்பகமான அறிகுறிகள். மழைக்கு முன் என்ன வேலை பார்த்தார் என்று அப்போதுதான் விசாரித்தேன். படுக்கையிலிருந்தே அவர் சொன்னார்: “கம்மா மடையில சேறு அடச்சுக்கிச்சுங்கம்மா. இடுப்பளவுத் தண்ணியில எறங்கி நானும் மச்சானும் ரெண்டு நாளு அள்ளுனோம்.” இரண்டு குதிகாலிலும் விரல் நுழையும் அளவுக்குப் பித்த வெடிப்பு. கால் மரத்துப்போயிருந்ததால் வெடிப்பில் வலியும் தெரிந்திருக்கவில்லை. கேஸ் ஷீட்டில் அதுவரை ‘தொழில்: கூலி’ என்று மட்டும் இருந்தது.

பதினொன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. உள்ளுறுப்புகளில் கட்டி இருந்ததால் நான்கு வாரம் ஊசி தொடர்ந்தது. டிபி மாத்திரை, இரண்டாம் முறை சிபிநாட்டும் நெகட்டிவ் என்று வந்த பிறகு, சிகிச்சை தொடங்கிய மையத்துக்கும் தெரிவித்து நிறுத்தப்பட்டது. நடுவில் வாரம் ஒருமுறை கல்ச்சர் எடுத்தோம். சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. பென்-ஏ நொதியில் ஒரு மாற்றம் வந்தால் சிகிச்சை நடக்கும்போதே செஃப்டாசிடிம் கேட்காமல் போகலாம். செஃப்டாசிடிம் போய் ஒட்ட வேண்டிய புரதத்தின் மரபணுவையே சில கிருமிகள் தொலைத்துவிடுவதும் உண்டு. அவை வழக்கமான பிளேட்டில் சரியாக வளராததால் கல்ச்சர் சுத்தம் என்று ரிப்போர்ட் போய்விடும், நோயாளி மட்டும் மோசமாவார். இது சம்பாதித்த எதிர்ப்பு. முன்னே சொன்ன பிறவி எதிர்ப்போடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது: பிறவி எதிர்ப்பு கிருமியின் பெயரைச் சொல்கிறது, இது மருந்தை மாற்றச் சொல்கிறது. எங்கள் நோயாளியின் கல்ச்சர் இரண்டாம் வாரத்திலேயே சுத்தமானது. ஸ்கேனும் அதை ஒத்துக்கொண்டது.

பிறகு மூன்று மாதம் கோ-ட்ரைமாக்சசோல், கூட ஃபோலிக் அமிலம். உடம்பு தேறிய ஆளை மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வைப்பது ஊசி போடுவதைவிடக் கடினம். பாதியில் விட்டால் நோய் திரும்பும். மூன்றாம் வாரம் பொட்டாசியமும் கிரியாட்டினினும் ஏறியதால் அளவைக் குறைத்துக் கொடுத்தோம். இன்சுலினும் கூடவே. சித்திரையில் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் இல்லை. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கச் சொன்னோம். சேற்றில் அது உறிஞ்சி நின்றுவிடும் என்று அவர் சொன்னதும் உண்மைதான்; மடை வேலைக்கும் நாற்றங்காலுக்கும் மட்டுமாவது போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். அவருடைய மச்சானுக்குச் சர்க்கரை பார்த்தோம். 240. காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாமல் நேரே இங்கே வரச் சொல்லியிருக்கிறோம்.

இந்த ஒருவரை வைத்துச் செட்டிநாட்டு மண்ணிலும் கண்மாய்களிலும் இந்தக் கிருமி இருக்கிறது என்று எழுதிவிட முடியாது. அதற்கு வயலில் முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் வரிசையாகக் குழி எடுத்து, கோலிஸ்டின் கலந்த ஊட்டக் குழம்பில் மண்ணை ஊறவைத்துத் தேட வேண்டும். அங்கேயும் பாருங்கள், தூண்டில் கோலிஸ்டின்தான்.

ஆய்வகத்தில் மாறியது

‘சூடோமோனாஸ் ஸ்பீசிஸ்’ என்ற வரியோடு எங்கள் ஆய்வகத்திலிருந்து இப்போது ரிப்போர்ட் வெளியே போவதில்லை. ரத்தம், சீழ், மூட்டு நீர் எதிலிருந்து வந்தாலும், ஆக்சிடேஸ் பாசிட்டிவான, லாக்டோஸைத் தொடாத குச்சி என்றால் ஜென்டாமைசின், கோலிஸ்டின், ஆக்மென்டின் மூன்று டிஸ்க்கும் ஒரு பிளேட்டில் விழுகின்றன. கூடுதல் செலவு டிஸ்க் விலைதான். இயந்திரம் செபாசியா என்று சொன்னாலும் அதே மூன்று டிஸ்க். சந்தேகம் வந்தால் எழுத்தில் ரிப்போர்ட் தயாராகும்வரை காத்திருக்காமல் வார்டுக்குப் போன் போகிறது. ரிப்போர்ட்டின் அடியில், இதற்கு ஜென்டாமைசின், அமிக்காசின், கோலிஸ்டின் வேண்டாம் என்று ஒரு வரியும் ஏறுகிறது.

இந்தத் தையில் டயாலிசிஸ் பிரிவிலிருந்து வந்த ஒரு ரத்தப் பாட்டிலில் மறுபடியும் ஜென்டாவுக்கும் கோலிஸ்டினுக்கும் வட்டம் விழவில்லை. அண்ணன் பிளேட்டை கேபினெட்டுக்குள் வைத்துவிட்டு வந்து கூப்பிட்டார். ஆக்மென்டின் டிஸ்க்கைச் சுற்றியும் வட்டம் இல்லை, ஓரம்வரை முட்டி நின்றது. அது செபாசியா, மண்ணிலிருந்து வரவில்லை, மருத்துவமனைத் தண்ணீரிலிருந்தோ கலந்து வைத்த கரைசலிலிருந்தோ வந்திருக்க வேண்டும். கண்மாய் பற்றி விசாரிப்பதற்குப் பதில், அந்தப் பிரிவின் ஆர்.ஓ. குழாய்களிலிருந்தும் திறந்து வைத்த ஆன்டிசெப்டிக் பாட்டில்களிலிருந்தும் மாதிரி எடுக்க ஆள் அனுப்பினோம்.